மங்கும் நிழற்படங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நீத்தாரை நினைத்துப் போற்றுதல் தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்த அறமாகும். வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. கல்லில் நின்ற அந்த நினைவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தாளுக்கு இடம் பெயர்ந்தது. நிழற்படம் என்னும் புதுக்கலை நம் நாட்டில் வேரூன்றியபின், மாலை சூட்டப்பெற்ற முன்னோர் படம் இல்லாத தமிழ் இல்லம் இல்லை எனலாம்.

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நம்மனோர்க்கு அப்படங்கள் இன்னும் ஒரு படி மேலானவை. பிறந்த வீடு கைமாறியிருக்கும், வயல் பிரிந்திருக்கும், தெருவே அடையாளம் மாறியிருக்கும். தகரப் பெட்டியில் துணிகளுக்கு இடையே வைத்து, இரண்டு நாள் இரயில் பயணத்தில் மடியோடு காத்துக் கொண்டுவந்த நாலைந்து படங்களே ஊரின் எச்சமாக நம்மோடு இருப்பன. அப்படங்களும் ஆண்டுக்கு ஆண்டு மஞ்சளித்து, வெளிறி, ஓரம் நொறுங்கி அழிந்து வருகின்றன. அது காலத்தின் கோலம் என்று நாம் பெருமூச்செறிந்து விட்டுவிடுகிறோம். காலத்தின்மேல் பழி போடுவதற்கு முன், தாளையும் அட்டையையும் பலகையையும் பசையையும் விசாரிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு பலகையின் தடம்

என் தாயாரைப் பெற்ற ஆச்சிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு படந்தான் எடுக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டு திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் அது. தாத்தா நாற்காலியில் வீற்றிருக்க, பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, ஆச்சி வலப்பக்க ஓரத்தில் நிற்கிறார். அதன்பின் மூன்றாண்டுகளில் அவர் காலமானார். என் தாயார் திருமணமாகி மும்பை வந்தபொழுது அப்படமும் உடன் வந்தது. 1961இல் இங்குள்ள ஒரு கடையில் அதற்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுத் தந்தார்கள். சுவாமி படங்களுக்கு அடுத்தாற்போல் அது நாற்பதாண்டுகளுக்கு மேல் தொங்கிற்று.

2004ஆம் ஆண்டில் ஒருநாள், வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் படங்களை இறக்கினோம். தாயார் அதைத் துடைத்தவாறே, “எங்க அம்மா முகம் போய்க்கிட்டே இருக்கேப்பா” என்றார். உற்றுப் பார்த்தேன். நடுவிலிருந்த தாத்தாவின் முகம் ஓரளவு தெளிவாகவே இருந்தது. ஆச்சியின் முகத்தின்மீது மட்டும் பழுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு கறை படர்ந்து, கண்ணும் நெற்றியும் மங்கியிருந்தன.

சட்டத்தைப் பிரித்தபோது காரணம் விளங்கிற்று. பின்புறத்தில் வைத்திருந்தது பழைய பெட்டிப் பலகை. பலகைக்கும் படத்துக்கும் நடுவே ஒரே ஒரு செய்தித்தாள். பலகையின் இழைவரிகள் அத்தனையும் படத்தின் முதுகில் பழுப்பு வரிகளாக அச்சாகியிருந்தன. பலகையில் ஓரிடத்தில் மரக்கணு ஒன்று இருந்தது. அந்தக் கணு சரியாக ஆச்சியின் முகத்துக்குப் பின்னே அமைந்திருந்தது.

சட்டம் போட்டவர் மீது எனக்குக் குறையில்லை. அக்காலத்தில் எல்லாக் கடைகளிலும் அதுவே வழக்கம். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆயினும், தெரிந்துகொள்ள வேண்டியவை நூற்றைம்பது ஆண்டுகளாக உலகில் ஆராயப்பட்டு வந்தன என்பதைப் பின்னாளில் படித்தறிந்தபோது மனம் நொந்தது. அவ்வரலாற்றையே இங்குச் சுருங்கக் கூற முயல்கிறேன்.

ஒளியை நிறுத்திய உப்பு

வெள்ளியின் சில உப்புகள் ஒளிபட்டால் கறுக்கும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட செய்தி. அவ்வியல்பைக் கொண்டு உருவம் பதிக்கலாம். ஆனால் பதிந்த உருவத்தை வெளிச்சத்தில் காட்டினால் எஞ்சிய உப்பும் கறுத்து, உருவம் முழுவதும் இருளில் மறையும். எஞ்சிய உப்பை நீக்கும் வழி தெரியாமல் பலர் தவித்தனர். 1819ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல், சோடியம் தயோசல்பேட் என இன்று நாம் கூறும் பொருள் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று கண்டறிந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1839இல் பாரிசில் தாகேரின் முறையும் இங்கிலாந்தில் டால்பட்டின் முறையும் வெளிப்பட்டபோது, அந்தப் பழைய கண்டுபிடிப்பே நிழற்படத்தை நிலைநிறுத்தும் மருந்தாயிற்று. நம் ஸ்டுடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று வாய்மணக்கச் சொல்லும் பொருள் இதுதான்.

நிலைநிறுத்திய மருந்தே நஞ்சாகவும் ஆயிற்று. டால்பட் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்னும் நூல், நிழற்படங்களை ஒட்டி வணிக முறையில் வெளிவந்த முதல் பெருநூல். அதில் 24 படங்கள். 1846இல் ஒரு கலை இதழ் தன் வாசகர் ஒவ்வொருவருக்கும் டால்பட்டின் நிழற்படம் ஒன்றை இதழோடு வழங்கியது. அப்படங்களிற் பல விரைவில் மஞ்சளித்து மங்கின. ஆயிரக்கணக்கில் படம் போடும் அவசரத்தில், ஹைப்போவை நீரில் முற்றக் கழுவி நீக்காமல் விட்டதே முதற்காரணம். ஹைப்போவில் உள்ள கந்தகம், படத்தில் உள்ள வெள்ளியைச் சிறுகச் சிறுக வெள்ளிச் சல்பைடாக மாற்றும். பூசை அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் கந்தகத்தால்தான். நிழற்படத்தில் வெள்ளி மிக நுண்ணிய துகளாக இருப்பதால், அங்கே அது மஞ்சளாகவும் பழுப்பாகவும் தோன்றுகிறது.

1855: மங்கல் ஆய்வுக் குழு

நிழற்படம் நிலைக்குமா என்ற ஐயம் மக்களிடையே பரவியது. அதனைத் தீர்க்க இலண்டன் நிழற்படக் கழகம் 1855இல் ஓர் ஆய்வுக்குழு அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அதன் செலவுக்கு 50 பவுன் அளித்தார். ரோஜர் ஃபென்டன், ஹார்ட்விச் முதலிய வல்லுநர் அக்குழுவில் இருந்தனர்.

அவ்வாண்டின் இறுதியில் குழு தன் முடிவுகளைக் கூறியது. முற்றக் கழுவாத ஹைப்போ முதற்குற்றவாளி. அடுத்தது காற்றில் கலந்த கந்தகப் புகை. நிலக்கரி எரிக்கும் இலண்டன் மாநகரில் அதற்குப் பஞ்சமில்லை. மூன்றாவது ஈரம். கழுவுவதில் கண்டிப்பு வேண்டும் என்றும், பொன் உப்புக் கரைசலில் படத்தைத் தோய்த்தெடுத்தல் நலம் என்றும் குழு அறிவுரைத்தது. வெள்ளித் துகளின்மீது பொன் படிந்தால் கந்தகம் எளிதில் தீண்டாது. நம் வீடுகளில் நூறாண்டு கடந்த படங்கள் சில இன்றும் செவ்வூதா கலந்த பழுப்பு நிறத்தில் ஒளிர்வதற்கு அந்தப் பொன்னே காரணம்.

அந்த 1855ஆம் ஆண்டே உ. வே. சாமிநாதையர் பிறந்த ஆண்டும் ஆகும். செல்லரித்துக் கொண்டிருந்த ஓலைகளிலிருந்து தமிழ் நூல்களை மீட்கப் போகிறவர் இங்கே பிறந்த அதே ஆண்டில், மங்கிக் கொண்டிருந்த தாள்களைக் காக்கும் முதல் ஆய்வு அங்கே நடந்தது. இரண்டிற்கும் தொடர்பு இல்லை. இரண்டின் கவலை ஒன்று.

இந்திய மண்ணில்

நிழற்படக் கலை நம் நாட்டுக்கு வரத் தாமதிக்கவில்லை. மும்பையில் நிழற்படக் கழகம் 1854இல் தோன்றிற்று. கல்கத்தாவிலும் சென்னையிலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கழகங்கள் அமைந்தன. மும்பைக் கழகத்தில் டாக்டர் நாராயண் தாஜி போன்ற இந்தியரும் தொடக்கக் காலத்திலேயே படம் எடுப்பவராக விளங்கினர். எல்ஃபின்ஸ்டன் கல்விக் கூடத்தில் 1855இல் நிழற்பட வகுப்பு தொடங்கப்பெற்றது. சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் நிறுவிய கலைப்பள்ளியிலும் இக்கலை கற்பிக்கப்பட்டது.

தமிழகத்தைப் பொறுத்தவரை மறக்கலாகாத பெயர் லின்னேயஸ் டிரைப். படைத்துறையைச் சேர்ந்த அவர் 1856இல் சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்ந்து, மதுரை, தஞ்சாவூர், திருச்சி முதலிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக 1858இல் அவர் அமைத்தது வியப்புக்குரியது. ஆளுநர் டிரெவெலியன் அதனைச் செலவு மிக்க ஆடம்பரமாகக் கருதியதால் அப்பணி 1860இல் நின்றுபோயிற்று. அவர் படங்கள் இன்றும் இலண்டன் முதலிய இடங்களின் தொகுப்புகளில் காக்கப்படுகின்றன. வெயிலும் ஈரமும் மிக்க நம் நாட்டில் எடுத்த படங்களும், முறையாகச் செய்து முறையாக வைத்தால், நூற்றறுபது ஆண்டுகள் வாழும் என்பதற்கு அவை சான்று.

தாளின் வீழ்ச்சி

1855இன் குழு படத்தின் உள்ளே இருந்த பகையைக் கண்டது. படத்தைச் சூழ்ந்திருந்த பகை அப்பொழுதுதான் பிறந்துகொண்டிருந்தது.

அதுவரை ஐரோப்பாவில் தாள் என்பது பழந்துணியிலிருந்து செய்யப்பட்டது. பருத்தியும் ஆளிநாரும் பெரும்பாலும் செல்லுலோஸே ஆதலின் அத்தாள் நெடுநாள் வாழும். மக்கள் கல்வி பெருகவே, செய்தித்தாளும் நூலும் பெருகின. கந்தல் துணி போதவில்லை. 1840களில் ஜெர்மானியராகிய கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்யும் வழியைக் கண்டார். மரக்கூழில் செல்லுலோஸோடு லிக்னின் என்னும் பொருளும் கலந்திருக்கும். ஒளியும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பேறி, அமிலங்களையும் பெராக்சைடுகளையும் வெளிவிடும். வெயிலில் கிடந்த செய்தித்தாள் சில நாளில் மஞ்சளிப்பது இதனால்தான்.

இதற்கு முன்பே வேறொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. மை ஊறாமல் இருப்பதற்காகத் தாளில் ஊட்டும் பசைக்குப் பதிலாக, மரப்பிசினையும் அலுமினியச் சல்பேட்டு என்னும் படிகார வகையையும் சேர்க்கும் முறையை 1807இல் இல்லிக் என்பவர் வெளியிட்டார். இந்தப் படிகாரம் தாளின் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்கும். செல்லுலோஸ் நீண்ட சங்கிலி போன்ற அமைப்புடையது. அமிலம் அச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கும். சங்கிலி குறுகக் குறுகத் தாள் மடிப்புத் தாங்காமல் நொறுங்கும்.

நம் பழைய நூல்கள் கைபட்டால் உதிர்வது இதன் விளைவே. அமெரிக்காவின் ரிச்மண்டு நகரில் வில்லியம் பாரோ என்பவர் இதனைத் தம் வாழ்நாள் பணியாக ஆராய்ந்தார். 1900 முதல் 1949 வரை அச்சான 500 நூல்களின் தாளைச் சோதித்து, அவற்றுள் நூற்றுக்கு 97 நூல்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கா என்று 1959இல் அவர் வெளியிட்ட முடிவு, நூலக உலகத்தையே உலுக்கியது. அதன்பிறகே அமிலமற்ற தாள், அமிலமற்ற பெட்டி என்னும் சொற்கள் வழக்கில் பரவின.

இதில் ஒரு முரண்பாட்டைக் கருதவேண்டும். நிழற்படத்துக்கு உரிய தாளைச் செய்தவர்கள் தொடக்கம் முதலே மிக்க எச்சரிக்கையோடு இருந்தனர். இரும்புத்துகளோ வேறு மாசோ கலந்தால் வெள்ளி உப்பு கெட்டுவிடும். பிரான்சில் ரீவ் என்னும் ஊரிலும், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த மால்மெடி ஊரிலும் இருந்த இரண்டு ஆலைகளே பல்லாண்டுகள் உலகத்தின் நிழற்படத் தாளுக்கு ஆதாரமாக இருந்தன. பின்னர் வந்த ஜெலட்டின் தாளில், படத்துக்கும் தாளுக்கும் இடையே பேரியம் சல்பேட்டினால் ஒரு வெண்பூச்சும் இட்டனர். இவ்வளவு தூய்மையோடு வந்த படத்தை வாங்கி, மட்டமான மரக்கூழ் அட்டையில் ஒட்டி, மரப்பலகையால் முதுகை மூடி, சுவரில் மாட்டியவர்கள் நாம்தாம்.

அமிலம் செய்யும் வேலை

கருப்பு வெள்ளைப் படம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. அடியில் தாள்; அதன்மேல் வெண்பூச்சு; அதற்கும் மேலே, ஜெலட்டின் என்னும் மெல்லிய புரதப் படலத்தில் பொதிந்த வெள்ளித் துகள்கள். நாம் காணும் கருமையெல்லாம் அந்த வெள்ளியே.

அமிலம் முதலில் தாளைத் தாக்குகிறது. தாளும் அதன் அட்டையும் நொறுங்குகின்றன. அட்டை முறியும்போது அதனோடு ஒட்டிய படமும் இரண்டாக முறியும். நம் வீட்டுப் பழைய படங்களில் குறுக்கே ஓடும் வெடிப்பு பெரும்பாலும் இவ்வாறு நேர்ந்ததே.

வெள்ளியைத் தாக்குவன பெரும்பாலும் அமிலத்தின் உறவினர். அமிலமேறிய தாளும் பலகையும் அட்டையும் வெளிவிடும் பெராக்சைடுகள், காற்றின் மாசு, புதுப் பெயின்டின் ஆவி ஆகியவை வெள்ளியை ஆக்சிஜனேற்றம் செய்து அதனை அயனியாக மாற்றும். ஈரம் மிக்கிருந்தால் அந்த அயனி ஜெலட்டினுக்குள் நகர்ந்து, மேற்பரப்புக்கு வந்து மறுபடியும் வெள்ளியாகப் படியும். பழைய படங்களைச் சாய்த்துப் பார்த்தால் இருண்ட பகுதிகளில் பாதரசம் பூசினாற்போல் நீலப் பளபளப்புத் தெரியும் அல்லவா? அது இதுவே. கந்தகம் கிடைத்தால் அந்த அயனியே மஞ்சள் சல்பைடாகும்.

என் ஆச்சியின் படத்தில் நிகழ்ந்ததும் இதுதான். மரக்கணுவில் பிசின் மிகுதி. அதன் அமிலமும் ஆவியும் மெல்லிய செய்தித்தாளைக் கடந்து, நாற்பத்து மூன்று மழைக்காலங்களின் ஈரத்தைத் துணைக்கொண்டு, படத்தின் அந்த ஓரிடத்தை மட்டும் அழித்தன.

“அமிலமற்றது” என்னும் முத்திரை

இன்று கடைகளில் ‘அமிலமற்றது’ என்று அச்சிட்ட ஆல்பங்கள் கிடைக்கின்றன. அம்முத்திரையை நம்பலாமா? ஓரளவே நம்பலாம்.

அமிலத்தன்மையைப் பி.எச். என்னும் அளவுகோலால் அளப்பர். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தாள் செய்யும்போது சிறிதளவு கால்சியம் கார்பனேட்டு, அதாவது சுண்ணத்தின் இனம், சேர்த்துவிட்டால் பின்னர்த் தோன்றும் அமிலத்தை அது உண்டு செரித்துவிடும். ஆனால் ஒரு தாள் விற்கும் அன்று அமிலமற்றதாக இருந்து, உள்ளே லிக்னின் இருந்தால், சில ஆண்டுகளில் அமிலமாகிவிடும். மேலும், பி.எச். சரியாக இருந்தாலும், அதில் உள்ள சாயமோ பசையோ கந்தகமோ வெள்ளியைக் கெடுக்கலாம்.

ஆதலால் அறிஞர் தனியே ஒரு சோதனை வகுத்தனர். அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 1985இல் தோன்றிய படிம நிலைப்பு நிறுவனம் அதில் பெரும்பங்கு கொண்டது. ஐயப்படும் தாளை வெள்ளித் துகள் பூசிய தகட்டோடு சேர்த்து, 70 பாகை வெப்பத்திலும் நூற்றுக்கு 86 ஈரப்பதத்திலும் பதினைந்து நாள் வைப்பர். வெள்ளி மங்கினாலோ மஞ்சள் கறை தோன்றினாலோ அத்தாள் தவறியது. இது பின்னர் உலகத் தர அமைப்பாலும் ஏற்கப்பட்டது. ‘நிழற்படச் செயற்பாட்டுச் சோதனையில் தேறியது’ என்ற குறிப்பு இருந்தால், அந்தப் பெட்டியையும் உறையையும் துணிந்து வாங்கலாம். அஃது இல்லாதவிடத்து, அமிலமற்றதும் லிக்னின் அற்றதும் என்ற இரண்டு உறுதிமொழிகளையாவது கேட்க வேண்டும்.

நம் இல்லங்களில் செய்யத் தக்கன

வரலாறு அறிந்தது போதும். வீட்டில் என்ன செய்வது என்று தாய்மார் கேட்கக்கூடும். அவரவர் அளவில் செய்யக்கூடியன பல உள.

முதலாவது, மாட்டியிருக்கும் படங்களின் முதுகைப் பாருங்கள். பலகை, பழுப்பு அட்டை, செய்தித்தாள், காக்கித் தாள் எது இருப்பினும் மாற்றுங்கள். படம் தானே பிரிந்து வந்தால் மட்டுமே எடுக்கவேண்டும். ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் ஒருபோதும் இழுக்கலாகாது. கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்து, பயின்ற பாதுகாப்பாளரிடம் ஒப்படையுங்கள். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே, நடுவில் திறப்புள்ள நல்ல அட்டை ஒன்று வைத்து, இரண்டும் தொடாமல் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பசை. புத்தகம் தைப்பவர் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம். அது செப்புச் சல்பேட்டு, அமிலத்தன்மை உடையது, தாளின் அழிவை விரைவுபடுத்துவது. ரப்பர் பசையில் கந்தகம் இருக்கும். ஒட்டு நாடா சில ஆண்டுகளில் பழுப்புக் கோடாக மாறும். படத்தில் எதையும் ஒட்டாதீர்கள். நான்கு மூலைகளையும் தாங்கும் தாள் முக்கோணங்களே போதும்.

மூன்றாவது, ஆல்பம். பழைய கருந்தாள் ஆல்பங்களும், 1970களுக்குப் பின் பரவிய பசைப்பூச்சுப் பக்கங்கள் கொண்ட ஆல்பங்களும் படத்துக்கு ஆகா. பி.வி.சி. உறைகள் ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிட்டு அமிலத்தை உண்டாக்கும். பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் உறைகள் நல்லவை. ஆயினும் மும்பை, கல்கத்தா, சென்னை போன்ற கடலோர ஈரத்தில் பிளாஸ்டிக் உறை படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அங்கெல்லாம் நல்ல தாள் உறையே மேல்.

நான்காவது, இடம். சமையலறைப் பரணும், மழைச்சுவரும், சாம்பிராணிப் புகை சூழும் பூசை அறையும் மூலப்படத்துக்கு ஏற்றவை அல்ல. சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேல் இடுவதோடு நிற்கட்டும். வீட்டின் நடுப்பகுதியில், உட்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியின் நடுத்தட்டு நலம். ஈரப்பதம் நூற்றுக்கு 30 முதல் 50 வரை இருப்பது உயர்வு. நம் கடற்கரை நகரங்களில் அது கைகூடாது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியில் வைத்து, அவ்வப்போது சூடுகாட்டி உலர்த்திப் பயன்படுத்தலாம். நாப்தலீன் உருண்டைகளைப் படத்தோடு சேர்த்து வைக்க வேண்டா.

ஐந்தாவது, செய்யக்கூடாதன. மஞ்சளித்த படத்தை நீரில் கழுவுவதும், மருந்தில் தோய்ப்பதும், நூல்களுக்கு உரிய அமிலநீக்கித் தெளிப்பைப் படத்தின்மேல் தெளிப்பதும் வீட்டில் செய்யத்தக்கன அல்ல. போன வெள்ளி மீளாது. இருப்பதை நிறுத்திவைப்பதே நம்மால் இயல்வது.

ஆறாவது, நகல். ஓலை பழுதாகுமுன் அதனைப் பெயர்த்து எழுதி வைத்தது நம் முன்னோர் மரபு. இன்று கணினி வருடி அப்பணியைச் செய்கிறது. நல்ல நுணுக்கத்தில் நகல் எடுத்து, உடன்பிறந்தார் அனைவர்க்கும் ஒவ்வொன்று கொடுங்கள். சுவரில் நகல் தொங்கட்டும்; மூலம் இருளில் உறங்கட்டும்.

இறுதியாகவும் இன்றியமையாததாகவும் ஒன்று: பெயர். படத்தின் பின்புறம், ஓரத்தில், மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பேனா மை ஊடுருவும். அமிலம் தின்னாத படமும் பெயர் தெரியாவிடில் அயலார் படமே. அப்பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டு மூத்தோர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

முடிவுரை

இத்தகைய படங்கள் வெறும் குடும்பச் சொத்து என்று எண்ணலாகாது. உடை, அணி, நாற்காலி, திரைச்சீலை, நிற்கும் முறை, யார் அமர்கிறார், யார் நிற்கிறார் ஆகிய அனைத்தும் சமூக வரலாறு. 2010களில் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களையும் இல்லங்களையும் நாடிச் சென்று அப்படங்களை மின்னுருவில் பதிவுசெய்தது. வெளிநாட்டார் அருமை உணர்ந்து தேடும் பொருள் நம் பரண்மேல் மழைநீர் குடித்துக் கிடக்கலாகாது. போகிக்கும் வீடு மாற்றும் நாளுக்கும் எத்தனை ஆல்பங்கள் இரையாகின்றன! தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருநாள் குடும்பப் படங்களைத் திரட்டி, நகல் எடுத்து, பெயர் எழுதும் பணியை மேற்கொண்டால், ஊர்விட்டு வந்த தமிழர் வரலாற்றுக்கு அது பெருஞ்சான்றாகும்.

என் ஆச்சியின் படத்தைப் பலகையிலிருந்து பிரித்து நகல் எடுத்தோம். நகலைச் செப்பனிட்டவர் கறையை நீக்கி, மங்கிய கண்ணையும் தாமே வரைந்து தரட்டுமா என்று கேட்டார். என் தாயார் சற்று யோசித்துவிட்டு, “வேண்டாம், வரைஞ்சா அது அம்மா ஆகாது. மிச்சம் இருக்கிறது போதும்” என்றார். அப்படியே விட்டோம். மூலப்படம் இன்று அமிலமற்ற உறையில், இருண்ட பெட்டியில் இருக்கிறது. 2004இல் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு முகம் இன்றும் தெரிகிறது. படத்தின் பின்புறத்தில், தாயார் இறப்பதற்கு முன் தம் கையால் எழுதிய பதினொரு பெயர்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியைத் திறந்து அவர்களைக் கொண்டே அப்பெயர்களைப் படிக்கச் சொல்கிறேன்.